முனி காய்ச்சிய கூழ்

முனி எங்கள் காரின் எஞ்சினுக்குள் குந்தியிருந்து கூழ் காய்ச்சுகிறார் என்று நான் நம்பினேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் பொறுத்திருக்கிறேன். அப்படி நம்பியபோது நான் பால்குடி அல்ல. மீசை வைத்தவன், கந்தோரில் உத்தியோகம் பார்த்தவன், சரிகைத் தலைப்பாகையோடு மாப்பிள்ளையாகக் காருக்குள் இருந்தவன். போன வாரம் நான் பல்லுப் பிடுங்கப் போன கதையை வாசித்த ஒருவர், "உமக்குப் பயம் பிறப்பிலேயே வந்ததோ?" என்று சந்தையில் வைத்துக் கேட்டார். ஓம் ஐயா, பிறப்பிலேயே வந்ததுதான். ஆனால் அது முழு வளர்ச்சி கண்டது என் கலியாணத்தன்று.

இடம் வல்லை வெளி. வலிகாமம் முடிந்து வடமராட்சி தொடங்குமுன் நடுவில் கிடக்கும் தரவை. வீடில்லை, கிணறில்லை, நிழலுக்கு ஒரு வடலிப் பனைகூட இல்லை. வீதியின் ஒரு பக்கம் உப்பு நீர். மற்றப் பக்கத்தைப் பார்த்தால் ஆறுதலாக இருக்குமென்று திரும்பினால் அங்கேயும் உப்பு நீர். ஆனி மாதச் சோழகக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த வெளியின் நட்டநடுவில் எங்கள் கார் மூக்கால் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே 'பொளக், பொளக்' என்று ஒரு சத்தம். சத்தத்தோடு ஒரு மணம்.

அது ஒடியல் கூழின் மணம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவை உலையில் கரைத்துவிட்டதும் எழும்புமே, அதே மணம். தாலி கட்டும்வரை மாப்பிள்ளை பட்டினி கிடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் வயிறு விடியற்காலை முதல் வெறுமையாக இருந்தது. வெறும் வயிற்றுக்காரனுக்கு வெட்டவெளியில் கூழ் மணம் வந்தால் அவன் என்ன நினைப்பான்?

நான் நினைத்தேன்: நாம் படையல் வைக்காமல் வந்துவிட்டோம், அதனால் முனி தனக்குத் தானே சமைக்கத் தொடங்கிவிட்டார்.

அம்மானும் மலாயாவும்

என் நினைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வல்லை வெளி முனியைக் கேளாமல் அந்த வழியால் போகிறவர்கள் அந்நாளில் குறைவு. வண்டிக்காரர் இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார்கள். கலியாணக்காரர் தேங்காய் உடைப்பார்கள். அந்த வெளியில் யாரும் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. கூப்பிடுகிறது மனிதக் குரல்தானா என்று சொல்ல முடியாது. இதெல்லாம் எங்களுக்கு எழுத்துப் படிக்க முதலே தெரிந்த சங்கதிகள்.

தெரிந்தும் நாங்கள் நிற்கவில்லை. அதற்குக் காரணம் என் அம்மான்.

தம்பிமுத்து அம்மான் என் தாயின் தம்பி. மலாயா ரெயில்வேயில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடும் ஒரு வெள்ளைத் தக்கைத் தொப்பியோடும் ஊருக்குத் திரும்பியவர். எந்தப் பேச்சையும் "மலாயாவிலை" என்றுதான் தொடங்குவார். வீட்டுக் கூரை ஒழுகினாலும், பசு பால் மறுத்தாலும், மலாயாவில் அதற்கொரு வழி இருந்தது. அந்த வழிகளை ஊரில் பரீட்சித்ததில் கூரையும் பசுவும் பட்ட பாடு வேறு கதை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அவர் செய்த எதையும் தனக்காகச் செய்ததில்லை. அடுத்தவனுக்கு உதவ வேண்டும் என்று ஓடி வருகிற மனிதர். ஓடி வருவதுதான் ஆபத்து.

முனியின் கோயிலடி கண்ணில் பட்டதும் நான் பின் ஆசனத்திலிருந்து மெல்லச் சொன்னேன்:

"அம்மான், ஒருக்கால் நிப்பாட்டி ஒரு தேங்காய்..."

"மலாயாவிலை காடு முழுக்கப் பேயடா. ஒண்டுக்கும் நாங்கள் தேங்காய் உடைக்கேல்லை. நீர் காரை விடும், அருணாசலம்!"

கார் போனது. கொஞ்சத் தூரம்தான் போனது.

வராமற் போன மாப்பிள்ளை

காருக்குள் நாங்கள் நான்கு பேர். முன்னால் சாரதி அருணாசலம் அண்ணை, பக்கத்தில் அம்மான். பின்னால் நான், பக்கத்தில் செல்லம் அக்கா, மடியில் கூறைத் தட்டத்தோடு. கூறைச் சேலையும் தாலிக்கொடியும் அந்தத் தட்டத்தில் இருந்தன. மற்ற உறவினர் எல்லாரும் விடியற்காலை வெள்ளாப்பிலேயே மாட்டு வண்டிகளில் சண்டிலிப்பாயிலிருந்து புறப்பட்டு உடுப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மாப்பிள்ளையும் தாலியும்தான் பாக்கி. இரண்டும் வல்லை வெளியில் நின்றன.

நேரம் தவறினால் என்ன, இன்னொரு நாள் வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அது. அடுத்தது ஆடி, ஆடியில் ஆர் கலியாணம் செய்வார்? அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது.

பெண்ணின் பெயர் பாக்கியம். அவளுக்கு முன்னரும் ஒரு கலியாணம் ஒழுங்காகியிருந்தது. பந்தல் போட்டு, மேளம் வந்து, அவளை அலங்கரித்து மணவறையில் இருத்திவிட்டார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அன்று காலையில் அவன் கொழும்பு ரெயில் ஏறிவிட்டான் என்ற செய்திதான் வந்தது. பிள்ளையைக் கைபிடித்து எழுப்பி உள்ளே கொண்டுபோனார்கள். சமைத்த சோற்றை வந்தவர்கள் தலை குனிந்தபடி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அந்த வீட்டுப் படலையைத் தரகர்கள் எட்டிப் பார்க்கவில்லை.

செல்லம் அக்கா இதைக் கேள்விப்பட்டுத் தானாகப் போய்ப் பெண்ணைப் பார்த்தவள். வந்து என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "அந்தப் பிள்ளை தலையைக் குனியாமல் கதைக்குது, எனக்குப் பிடிச்சுது." பெண்ணின் தாயின் கையைப் பிடித்து, "என்ரை தம்பி வருவான். அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டும் வந்திருந்தாள்.

அந்தப் பொறுப்புத்தான் இப்போது பொளக், பொளக் என்று கொதித்தது.

எதிரிகள் வரிசையாக

அருணாசலம் அண்ணையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. அவரும் தன்னைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அவருக்குத் தீராது. அடக்கம் என்ற சாமான் அவரிடம் கிடையாது. வாடகைக் காருக்கு அவரே சொந்தக்காரர், அவரே சாரதி, அவரே மெக்கானிக். தினமும் காலையில் குளித்துத் தனக்கு விபூதி பூசிய கையோடு காரின் நெற்றிக்கும் பூசுவார். "இந்தக் குடாநாட்டிலை எஞ்சின்ரை நாடி பிடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன் தான்" என்பார். கேட்கிறவர் ஓம் என்று சொல்லும்வரை கார் நகராது.

அவருக்கும் அயலவருக்கும் வேலி வழக்கு ஒன்று வருடக் கணக்கில் நடந்தது. வழக்கில் அவர் தோற்றார். தோற்றாலும் கோட்டுப் பாசை முழுவதையும் வென்று கொண்டுவந்துவிட்டார். "என்ரை வழக்குப் பேசின பிறக்கிராசி முதல் தீர்ப்பை நினைச்சுப்போட்டுப் பிறகு கேள்வி கேட்டவர். அதாலை தான் தோத்தனாங்கள். காரும் வழக்குத் தான் தம்பி. ஒருத்தரையும் விசாரியாமல் தூக்கக் கூடாது."

கோட்டில் குற்றம் சாட்டப்பட்டவனை நாங்கள் எதிரி என்றுதான் சொல்வோம். அருணாசலம் அண்ணை எஞ்சினை நிறுத்தி, இறங்கி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அறிவித்தார்:

"எஞ்சின் கொதிக்கிறதுக்குக் கனபேர் எதிரிகள். ஒவ்வொருத்தராய்க் கூப்பிடுவம். அதுக்கு முதல், ஒருத்தரும் ரேடியேற்றர் மூடியிலை கை வைக்கப்படாது. ஆவி அடிச்சால் முகம் அவிஞ்சுபோம். பிறகு மாப்பிளையைப் பொம்பிளை வீட்டார் ஆரெண்டு மட்டுக்கட்ட மாட்டினம்."

"எவ்வளவு நேரம் செல்லும், அண்ணை?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"எதிரியைப் பிடிக்க முதல் தீர்ப்புக் கேக்கிறீர், தம்பி."

சூடு தணிந்ததும் துணியைச் சுற்றி மூடியைத் திருகினார். உள்ளே எட்டிப் பார்த்தார். "தண்ணி கழுத்து மட்டும் இருக்கு. கொஞ்சம் கலங்கல், இரும்புக் கறளாக்கும். தண்ணி வெளியிலை போகலாம்."

அடுத்தது காற்றாடியைச் சுற்றும் பெல்ற். பெருவிரலால் அமத்திப் பார்த்தார். தொய்யவில்லை. பெல்ற்றுக்கும் விடுதலை. எண்ணெய்க் கம்பியை இழுத்து வேட்டித் தலைப்பில் துடைத்துப் பார்த்தார், எண்ணெய் இருந்தது. ஸ்ரியறிங் வளையத்தின் கீழே ஒரு சின்னப் பிடி உண்டு. நெருப்புப் பொறியை முந்தவும் பிந்தவும் விடுகிற பிடி. "பொறி பிந்தினாலும் எஞ்சின் காயும்" என்று சொல்லி அதையும் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

பிறகு அவர் சில்லு ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுப் பார்த்தார். அக்கா தட்டத்தைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"கொதிக்கிறது தலை. நீங்கள் காலிலை காய்ச்சல் பாக்கிறியளே, அருணாசலம் அண்ணை?"

"பிறேக் பிடிச்சபடி இருந்தால் மாடு கட்டையை இழுக்கிற மாதிரி, தங்கச்சி. கால் இறுகினால் மூச்சு முட்டுறது எஞ்சினுக்குத் தான்." சில்லுகள் குளிர்ந்திருந்தன. "இவையும் போகலாம்."

இவ்வளவுக்கும் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பொனெற்றுக்கு எதிரே நின்று நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தேங்காயில் தொடங்கினேன். புகை கூடியபோது பத்துத் தேங்காய் ஆக்கினேன். பொளக் சத்தம் கேட்டபோது ஒரு கிடாய் தருவதாகச் சொல்லிவிட்டேன். சைவக்காரன் என்பது நினைவுக்கு வந்ததும் பயந்து பூசணிக்காய்க்கு இறங்கினேன். ஒரு கட்டத்தில் தட்டத்தில் இருந்த கலியாணத் தேங்காயிலேயே கை வைத்தேன். அக்கா என் கையில் ஓர் அடி போட்டாள்.

"தேங்காயிலை தொட்டியெண்டால் உன்ரை தலையை உடைப்பன். பேசாமல் ஏறி இரு."

ஏறி இருந்தேன்.

காற்றுக்கு முகம் காட்டியது

அருணாசலம் அண்ணை விரலை நனைத்து உயர்த்திக் காற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிடிச்சிட்டன்! சோழகம் எங்களுக்குப் பின்னாலை. காத்தும் உடுப்பிட்டிக்குப் போகுது, நாங்களும் உடுப்பிட்டிக்குப் போறம். இரண்டு பேருக்கும் ஒரே வேகம். பிறகெப்பிடி ரேடியேற்றருக்குள்ளை காத்துப் போகும்? காரைத் திருப்பிக் காத்துக்கு முகம் காட்டி நிப்பாட்டி, எஞ்சினைக் கொஞ்சம் ஓட விட்டால் சூடு இறங்கும்."

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் நோய்க்கு வானத்தையும் விசாரித்தவர் அவர். பொனெற்றை மூடிக் காரை மெல்ல மெல்ல வளைத்துத் திருப்பினார். இப்போது கார் சண்டிலிப்பாயைப் பார்த்து நின்றது. எஞ்சின் உறுமியது. அம்மான் தொப்பியைக் கையால் அமத்திக்கொண்டு நேரே பார்த்தார். நான் கண்ணை மூடி முனியோடு பேரம் பேசினேன். அக்கா மட்டும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் வந்த நீர்வேலிப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். காற்றுத் தள்ளிய வேகத்தில் குனிந்தபடி வந்தவர், எங்களைக் கடக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மாலை போட்ட கார். தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை. கார் மூக்கு வந்த வழியைப் பார்த்தபடி. அவருடைய கண் அகன்றது. குனிந்து இன்னும் வேகமாக மிதித்தார். சைக்கிளின் பின் தட்டில் பெரிய வாழையிலைக் கட்டு.

அக்கா துள்ளி எழும்பினாள்.

"ஐயோ, உது எங்கடை கலியாணத்துக்குப் பொம்பிளை வீட்டார் நீர்வேலியிலை சொல்லி வைச்ச இலையடா! அவர் பொம்பிளை வீட்டை போறார். மாப்பிளை திரும்பிப் போட்டான் எண்டு சொல்லப் போறார்!"

எல்லாரும் இறங்கி ஓடினோம். "ஓய் அண்ணை! நில்லுங்கோ! திரும்பிப் பாருங்கோ!" என்று கத்தினோம். காற்று அவர் பக்கம்தான் வீசியது, கட்டாயம் கேட்டிருக்கும். ஆனால் அது வல்லை வெளி. பின்னாலிருந்து "திரும்பிப் பார்" என்று நாலு குரல் கூப்பிடுகிறது. எந்தத் தாய் பெற்ற பிள்ளை திரும்பும்? அவர் உரத்த குரலில் தேவாரம் பாடிக்கொண்டு பறந்துவிட்டார். எங்கள் குரல் உயர உயர அவருடைய பண்ணும் உயர்ந்தது.

நான் வீதியிலேயே குந்தியிருந்துவிட்டேன். பட்டு வேட்டியோடு.

"முடிஞ்சுது அக்கா. வாங்கோ திரும்பிப் போவம். நாங்கள் போக முதல் அந்தச் செய்தி போயிடும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"ஒருக்கால் அந்தப் பிள்ளையை மணவறையாலை எழுப்பிப் போட்டாங்கள். இரண்டாந்தரமும் எழுப்ப விடுவன் எண்டு நினைச்சியோ? கார் ஓடாட்டில் நீ ஓடு. நீ ஓடாட்டில் நான் உன்னை இழுத்துக்கொண்டு ஓடுவன். எழும்படா!"

எழும்பினேன். கார் அதற்குள் காற்றுக்கு முகம் காட்டியபடியே மறுபடி கொதித்தது.

என் மூக்கு சாட்சி சொன்னது

அருணாசலம் அண்ணை எஞ்சினை நிறுத்தி மிதிபலகையில் உட்கார்ந்தார்.

"காத்தும் விடுதலை. சண்டிலிப்பாய்க் கிணத்துச் சுண்ணாம்பு உள்ளை படிஞ்சிருக்குமோ எண்டால், போன மாதம் தான் கழட்டிக் கழுவினனான். எல்லாரையும் விட்டாச்சு. இனி, எனக்குத் தெரியாத ஒருத்தன் உள்ளுக்கை இருக்கிறான்."

எனக்குத் தெரிந்த ஒருத்தர்தானே அவர்! அடக்க முடியாமல் வாய்விட்டேன்.

"அண்ணை, அது முனி. உள்ளை இருந்து கூழ் காய்ச்சுறார். எனக்கு மணக்குது."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அருணாசலம் அண்ணை சிரிக்கவில்லை. நான் அவரை அன்று முதல் கும்பிடுவது அந்த இடத்துக்காகத்தான். வேறு யாராவது என்றால், பட்டினியில் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றுது என்று சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவர் எழும்பி என் அருகில் வந்தார்.

"சாட்சி வடிவாய்ச் சொல்லட்டும். என்ன மணக்குது?"

"ஒடியல் கூழ்."

"எப்ப இருந்து?"

"முதல் புகை வந்த நேரத்திலை இருந்து. வெக்கத்திலை சொல்லேல்லை."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஓமடா! எனக்கும் மணக்குது. நான் இவ்வளவு நேரமும் பசியிலை வந்த நினைப்பெண்டு இருந்திட்டன்."

முனி என்ற சொல்லைக் கேட்டதும் மலாயாவைத் தொடங்கியிருக்க வேண்டிய அம்மான், வானத்தில் ஏதோ கொக்குப் போகிறதைப் போல அண்ணாந்து பார்த்தார். வானத்தில் கொக்கு இல்லை.

அருணாசலம் அண்ணை மூடியைத் திறந்து, எண்ணெய்க் கம்பியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தார். கம்பியில் சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஊதி ஆற்றினார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"கூழ் தான்," என்றார். "உப்பும் புளியும் போடேல்லை."

பிறகு குனிந்து ரேடியேற்றரின் அடிக்குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்ட வேண்டிய குழாய். ஒரு சொட்டும் வரவில்லை. வாயில் களிபோல ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது.

"பாத்தியளே! மேலை தண்ணி இருக்கு, கீழை இறங்க வழி இல்லை. எஞ்சினுக்குள்ளை நிண்ட தண்ணி நிண்ட இடத்திலையே கொதிக்குது. கறளெண்டு நான் விட்டது என்ரை பிழை. முதலாம் எதிரியை விட்டிருக்கக் கூடாது." சொல்லிவிட்டு, அம்மானைப் பார்த்து மிக மரியாதையாகத் திரும்பினார். "ஐயா, மலாயாவிலை ரேடியேற்றர் ஒழுகினால் என்ன செய்வினம்?"

அம்மான் தொண்டையைச் செருமினார்.

"தவிடு போடுவினம். தவிடு போய் ஓட்டையிலை அடைக்கும்."

"தவிடு இல்லாட்டில்?"

"...மா."

"எவ்வளவு போடுவினம், ஐயா?"

"ஒரு கைப்பிடி."

"நீங்கள் எவ்வளவு போட்டனீங்கள்?"

அம்மான் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"ஒரு கொத்து, அளக்கிற பேணி நிறைய. கலியாணக் கார் எண்டபடியாலை கூடப் போட்டன்."

காலையில் அருணாசலம் அண்ணை எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் நின்ற காரின் கீழே ஈரம் சொட்டுவதை அம்மான் கண்டிருக்கிறார். மருமகனின் முகூர்த்தம் ஒரு சொட்டுத் தண்ணீரால் கெடக் கூடாது என்று குசினிக்கு ஓடியிருக்கிறார். கையில் அகப்பட்டது ஒடியல் மாப் பெட்டி.

இனி வெடிக்கும் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். தன் காரில் யாரும் சாய்ந்து நின்றாலே பொறுக்காத மனிதர் அருணாசலம் அண்ணை. அவர் குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

"ஒழுக்கு நிண்டிட்டுது, ஐயா. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். இனி ஒரு சொட்டும் ஒழுகாது. காரும் ஓடாது."

தொப்பி இறங்கியது

நோய் தெரிந்துவிட்டது. மருந்துக்குத் தண்ணீர் வேண்டும். கூழ் முழுவதையும் வெளியேற்றிப் பலமுறை அலசி, புதுத் தண்ணீர் விட வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் இருந்தது உப்பு நீர்தான். ஆனி வெய்யிலில் வற்றிய கடலேரி. கரையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

முதல் புகை வந்தபோதே அம்மான் அந்தத் தண்ணீரைக் காட்டினார். அப்போது அருணாசலம் அண்ணை, "உப்புத் தண்ணி செம்பைத் தின்னும். என்ரை காருக்கு என்ரை கையாலை நஞ்சு குடுக்க மாட்டன்" என்று சொல்லியிருந்தார். இப்போது அவர் வீதியைப் பார்த்தார். சைக்கிள்காரர் ஒரு புள்ளியாகவும் தெரியவில்லை.

"தங்கச்சி, முந்தியும் அந்தப் பிள்ளைக்கு உப்பிடித்தானோ நடந்தது?"

"ஓம் அண்ணை. மணவறையிலை வச்சு."

அவர் காரின் நெற்றியில் இருந்த விபூதியை ஒருமுறை தடவினார். பிறகு சொன்னார்:

"ஐயா, தொப்பியைத் தாருங்கோ."

மலாயாவின் வெய்யில் மழை எல்லாம் கண்ட அந்தத் தக்கைத் தொப்பி அன்று வாளி ஆனது. அம்மான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலேரிக்கும் காருக்கும் நடையாக நடந்தார். ஒரு முறைகூட மலாயா வாயில் வரவில்லை. நான் என் பட்டுச் சால்வையை ரேடியேற்றர் வாயில் விரித்துப் பாசியும் மணலும் போகாமல் பிடித்தேன். அக்கா கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். அருணாசலம் அண்ணை காரின் அடியில் மல்லாந்து கிடந்து அதனால் அடிக்குழாயைக் குத்தினார். முதலில் சின்னச் சின்னக் கட்டி. பிறகு திடீரென்று ஒரு பெரிய துண்டு. அதன் பிறகு கூழ் வல்லை வெளியின் மண்ணில் மொளமொளவென்று இறங்கியது. அவருடைய முகத்திலும் இறங்கியது.

"மெல்ல ஊத்துங்கோ! சூட்டு இரும்பிலை பச்சைத் தண்ணி விழுந்தால் வெடிக்கும்!" என்று கீழேயிருந்து கத்தினார். ஊற்றினோம், எஞ்சினை ஓடவிட்டோம், திறந்துவிட்டோம். மறுபடி ஊற்றினோம். தண்ணீர் தெளியுமட்டும் அவர் குழாயை மூட விடவில்லை. அவசரத்தில் நான் "காணும் அண்ணை" என்றபோது, "அரைவாசி விசாரணையோடை ஆரும் தீர்ப்பெழுதுவினமோ?" என்றார்.

கடைசியாக உப்பு நீரை நிரப்பி மூடியை இறுக்கினார். காரின் மூக்கு உடுப்பிட்டியைப் பார்த்துத் திரும்பியது.

"இப்ப உப்பும் போட்டாச்சு," என்றார். "ஏறுங்கோ."

உடுப்பிட்டி ஒழுங்கையில்

செய்தி எங்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. பெண் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வாயில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். மேளகாரர் நாதசுரத்தை உறைக்குள் போட்டுவிட்டார். வாழையிலைக் கட்டு அவிழ்க்கப்படாமல் வேலியோடு சாய்ந்து கிடந்தது. பெண்ணின் தகப்பனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

எங்கள் கார் புகைந்துகொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது முதலில் கத்தியது அந்தச் சைக்கிள்காரர்தான். "வருது! முகம் இஞ்சாலை தான் இருக்கு!" என்று கத்தினார். நாதசுரம் உறையிலிருந்து வெளியே வந்தது. மாப்பிள்ளைத் தோழன் செம்போடு ஓடி வந்து என் காலைக் கழுவினான். உப்பும் சேறுமாய் இருந்த கால். என் தலைப்பாகையில் கூழ் தெறித்திருந்தது என்று பின்னர் பலர் சொன்னார்கள்.

உள்ளே நடந்ததை அன்று பின்னேரம் அக்கா எனக்குச் சொன்னாள். செய்தி வந்ததும் பெண்கள் அழுதுகொண்டு பாக்கியத்தை எழுப்பப் போயிருக்கிறார்கள். அவள் எழும்பவில்லை. "கார் தானே திரும்பினது? திரும்பின கார் இன்னொருக்காலும் திரும்பும். ஐயர் நேரம் முடிஞ்சுதெண்டு சொல்லட்டும், அப்ப எழும்புறன்" என்று சொல்லிவிட்டு, கலைந்த மாலையைத் தானே சரிசெய்துகொண்டு இருந்தாளாம்.

வல்லை வெளியில் முனிக்குப் பூசணிக்காய் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு பெண்.

அருணாசலம் அண்ணை பந்தலுக்குள் வரவில்லை. கிணற்றடியில் வாளியை வாங்கி, நல்ல தண்ணீர் அள்ளி அள்ளி ரேடியேற்றருக்குள் ஊற்றி உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மான் துலாவை மிதித்துக் கொடுத்தார். மேளம் கொட்டி நின்ற இடைவெளியில் அந்த வாளிச் சத்தம் மணவறைக்குக் கேட்டது.

கழுவியும் பயனில்லை. உப்பு தின்ற இடங்கள் சில வாரத்துக்குள் பொத்துக்கொண்டன. வேறு ரேடியேற்றர் போட வேண்டியிருந்தது. கார் கொதித்தது ஒரு கொத்து ஒடியல் மாவால். தாலி நேரத்துக்குள் கட்டப்பட்டது.